சி3 குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று பொருளா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மகனுக்கு ஒன்பது வயது, எடை 25 கிலோ. மார்கழியில் விரலிடுக்குகளிலும் கால்களிலும் சிரங்கு வந்து, சொறிந்து சொறிந்து சீழ் பிடித்தது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் போட்டதில் பத்து நாளில் புண்கள் காய்ந்தன. நான்கு வாரம் கழித்து ஒரு காலையில் கண்ணிமைகள் வீங்கி எழுந்தான். சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போயிற்று. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 140/96, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் 1.1, சிறுநீரில் ரத்தமும் புரதமும். சி3 என்ற பரிசோதனையில் 28 (ஆய்வகம் குறித்திருந்த இயல்பு அளவு 90 முதல் 180 வரை). சி4 இயல்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏஎஸ்ஓ பரிசோதனை 200க்குக் கீழே. ஆறு நாள் தங்கி, ‘தொற்றுக்குப் பிந்தைய சிறுநீரக அழற்சி, இம்யூன் காம்ப்ளெக்ஸ் வகை’ என்று எழுதிய சீட்டோடு வீடு திரும்பினார்கள். இப்போது மூன்று வாரம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. அம்லோடிபின் மாத்திரையோடு ரத்த அழுத்தம் 108/68. சிறுநீர் தெளிந்துவிட்டாலும் மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்கள் இன்னும் தெரிகின்றன.

மாமியார், களிம்பு போட்டுச் சிரங்கை அமுக்கியதால்தான் அது உள்ளே இறங்கியது என்கிறார். மருந்துக் கடைக்காரர் சி3 எண்ணைப் பார்த்து, எதிர்ப்புச் சக்தி கூட்டும் சிரப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உறவினர்கள் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் தரச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போடுவதுபோல் 21 நாளுக்கொரு பெனிசிலின் ஊசி இவனுக்கும் வேண்டுமா, தனது நெகட்டிவ் ரத்த வகைதான் காரணமா, சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி கேட்க வேண்டுமா, கடைசியில் டயாலிசிஸில் போய் முடியுமா என்பவை தாயின் கேள்விகள். கடிதத்தின் ஓரத்தில், ‘மாமியாருக்கும் இரவில் கை அரிக்கிறது’ என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் பாதிக்குமேல் அந்த 28 என்ற எண்ணிலிருந்தே கிளம்பியிருக்கின்றன. அதை உங்கள் மகனின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்ட மதிப்பெண்ணாகப் படித்துவிட்டீர்கள். கடைக்காரரும் அப்படித்தான் படித்திருக்கிறார். சி3 என்பது பெரும்பாலும் கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் சுற்றும் ஒரு புரதம். காம்ப்ளிமென்ட் என்று நாங்கள் சொல்லும் புரதக் கூட்டத்தில் முக்கியமான உறுப்பினர். கல்யாண வீட்டில் அரிசி மூட்டை வேகமாகக் குறைந்தால், ஊரில் விளைச்சல் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பந்தி நடக்கிறது என்றுதான் பொருள். உங்கள் மகனின் உடலில் சி3 உற்பத்தி நிற்கவில்லை. சிறுநீரகத்தில் ஓர் அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே அது செலவாகிறது. ஆகவே ‘சக்தி கூட்டும்’ சிரப்பை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே தேவைக்குமேல் வேலை செய்துவிட்ட ஒன்றைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. அதில் சீந்தில் கலந்திருந்தால் நிறுத்த இன்னொரு காரணமும் உண்டு. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கிருமியைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதம் ஆன்டிபாடி. நம்மைக் காக்க வேண்டிய அதுவே நம்மை நோயாளியாக்குவது எப்படி? 1963இல் பிலிப் ஜெல், ராபின் கூம்ஸ் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் இத்தகைய மிகையுணர்வு வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். கூம்ஸ் என்ற பெயரை நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள். நெகட்டிவ் வகைத் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் எடுக்கும் ‘கூம்ஸ் டெஸ்ட்’ அவருடையதுதான். நால்வகையில் உங்களுக்கு வேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே.

இரண்டாம் வகையில் ஆன்டிபாடி நேராக ஓர் உயிரணுவின் மேலோ, திசுவின் மேலோ போய் ஒட்டும். ஒட்டப்பட்ட அணு குறிவைக்கப்பட்டதாகிறது. மண்ணீரல் அதை விழுங்கும், அல்லது காம்ப்ளிமென்ட் அதில் ஓட்டை போடும். மூன்றாம் வகையில் இலக்கு நமது அணுவே அல்ல. கிருமியின் துண்டோ, வெளியிலிருந்து வந்த புரதமோ ஆன்டிபாடியோடு பிணைந்து சிறு சிறு கட்டிகளாகிறது. இவையே இம்யூன் காம்ப்ளெக்ஸ். பெரிய கட்டிகளை உடல் எளிதில் அப்புறப்படுத்திவிடும். இடைப்பட்ட அளவில் இருப்பவை ரத்தத்தில் சுற்றி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த இடங்களில் போய்ப் படிகின்றன. சிறுநீரகம், மூட்டு, தோல் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

சிறுநீரகத் திசுவில் ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குட்பாஸ்ச்சர் நோய் இரண்டாம் வகை. அதில் ஆன்டிபாடி வடிகட்டியின் சுவர் முழுவதையும் சீராகப் பிடிப்பதால், கோலத்தில் இழுத்த கோடுபோல் பச்சை வரி ஓடும். உங்கள் மகனுக்கு வந்திருப்பதில் கோடு இராது. கோலத்துக்கு வைத்த புள்ளிகள்போல் அங்கங்கே பச்சைப் பொட்டுகள் தெரியும். பயிற்சிக் காலத்தில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பாடம் விளங்கியது. அதுவரை உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு வார இடைவெளி உங்களைக் குழப்பியிருக்கிறது. ‘புண் ஆறிய பிறகு நோய் எப்படி வரும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நூறாண்டுக்கு முன் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே, பேலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர்களும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் சீரத்தை ஊசியாகப் போட்ட குழந்தைகளில் சிலருக்கு, அடைப்பான் சரியான பின், எட்டு முதல் பன்னிரண்டு நாளில் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. குதிரைப் புரதத்துக்கு எதிராக உடல் ஆன்டிபாடி தயாரிக்க எடுக்கும் நாள்களே அந்த இடைவெளி என்று 1905இல் எழுதினார்கள். இதை நம் ஊரில் இன்றும் பார்க்கலாம். பாம்புக்கடிக்குப் போடும் நச்சுமுறி மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்து வருவதுதான். உயிர் பிழைத்து வீடு போன விவசாயி பத்தாம் நாள் முழங்கால் வீங்கி, உடம்பெல்லாம் தடித்துத் திரும்பி வந்து, ‘விஷம் இன்னும் இறங்கவில்லை’ என்று அழுவார். விஷம் இறங்கிவிட்டது. இது மருந்துப் புரதத்தோடு அவர் உடல் நடத்தும் கணக்குத் தீர்ப்பு. சில நாளில் அடங்கிவிடும்.

உங்கள் மகனிடம் குதிரைப் புரதத்தின் இடத்தில் இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. இந்தக் கிருமி தொண்டையில் வந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்திலும், தோலில் வந்தால் மூன்று முதல் ஆறு வாரத்திலும் சிறுநீரகம் வீங்கலாம். உங்கள் நான்கு வாரம் இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறது. ஏஎஸ்ஓ குறைவாக இருந்தது இதைப் பொய்யாக்காது. தோல் தொற்றில் அந்த அளவு சரியாக ஏறுவதில்லை. ஆன்டி டிஎன்ஏஸ் பி என்ற சோதனையே அங்கு நம்பகமானது. அதை இப்போது ஓடிப்போய் எடுக்கவும் வேண்டாம், மற்ற விவரங்கள் போதுமான அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன.

சிறுநீரகமே ஏன் மாட்டிக்கொள்கிறது என்றால், அதன் வேலை அப்படி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வழியே அழுத்தத்தோடு போகிறது. சுற்றி வரும் கட்டிகள் அங்கே தங்குவதில் வியப்பில்லை. கிருமியின் சில துண்டுகள் முன்பே அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ள, ஆன்டிபாடி அங்கேயே வந்து சேர்வதும் உண்டு. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் விழித்துக்கொள்ளும். சி3 உடைந்து, அதன் சிதறல்கள் வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும். சுவரோடு ஒட்டிய கட்டியை விழுங்க முடியாமல் வெள்ளணுக்கள் தங்கள் நொதிகளை அங்கேயே கொட்டும். சுவர் பழுதாகிச் சிவப்பணு கசியும். கசிந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்க்குள் ஒட்டி, முறுக்கு அச்சிலிருந்து விழுந்த துண்டுபோலக் குழாயின் வடிவத்திலேயே வெளியே வரும். ஒரு சொட்டுப் புதிய சிறுநீரில் அத்தகைய துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டால், ரத்தம் கசிவது வடிகட்டியிலிருந்துதான், சிறுநீர்ப்பையிலிருந்து அல்ல என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வீக்கத்தால் வடிகட்டி அடைபட, உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. கண்ணிமை வீங்கியதும் 140/96 ஆனதும் அதனால்தான்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை

சிரங்குக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் கண்டுகொண்டது சரி. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. 1953இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரெட் லேக் பழங்குடிப் பகுதிக் குழந்தைகளிடையே இந்த நோய் கொள்ளைபோல் வந்தபோது, ஆய்வாளர்களும் தோல் புண்களில் இருந்தே தடயத்தைப் பிடித்தார்கள். மாமியார் தவறியது காரணத்தில். களிம்பு எதையும் உள்ளே தள்ளவில்லை. சிரங்குப் பூச்சி தோலைக் குடைந்தது, நகம் கீறியது, அந்த வழியே கிருமி புகுந்தது. நீங்கள் களிம்பைத் தொடாமலே இருந்திருந்தாலும் ஆன்டிபாடி உருவாகத்தான் செய்திருக்கும். களிம்பு போட்ட கையை நொந்துகொள்ளாதீர்கள். நான் குறை சொல்வதானால் ஒன்றுதான் சொல்வேன்: சீழ் வைத்த சிரங்குக்குக் கடைக்காரரிடம் போகாமல் மருத்துவரிடம் போயிருக்கலாம்.

உங்கள் நெகட்டிவ் ரத்தமும் பக்கத்து வீட்டு ஊசியும்

நெகட்டிவ் தாய்க்கும் பாசிட்டிவ் குழந்தைக்கும் இடையில் வரும் சிக்கல் இரண்டாம் வகை. பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயிடம் கலந்து, தாயின் உடல் அதற்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த கர்ப்பத்தில் அது நஞ்சுக்கொடி வழியே போய்ச் சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கும். இதைத் தடுக்கத்தான் மகன் பிறந்த 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட்டார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் ஆன்டிபாடிகள் சில மாதங்களில் கரைந்துவிடுபவை. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து சிறுநீரகத்தைத் தாக்க அவற்றால் முடியாது. இந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்க வேண்டும். கிருமி இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வழி வேறு. தொண்டையில் வந்த கிருமியின் புரதமும் இதயத் திசுவும் சாடையில் ஒத்திருப்பதால், ஆன்டிபாடியும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களும் ஆள் மாறி இதய வால்வையே தாக்குகின்றன. ஒவ்வொரு முறை கிருமி வரும்போதும் அந்தத் தாக்குதல் திரும்பலாம், வால்வு மேலும் கெடலாம். அதனால்தான் அவளுக்கு வருடக்கணக்கில் ஊசி. அவள் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது என்று அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு அது தேவையில்லை. இந்தச் சிறுநீரக அழற்சி ஒருவருக்கு இரண்டாம் முறை வருவது அரிது. அவனுக்குக் கொடுத்த பத்து நாள் பெனிசிலின், மிச்சமிருந்த கிருமி வீட்டில் மற்றவருக்குப் பரவாமல் இருக்கத்தான். சிறுநீரக வீக்கத்தை அது குறைக்காது.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டவை. ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். வடிகட்டி சோர்ந்திருக்கும்போது அது வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கிரியேட்டினின் இயல்புக்கு வந்துவிட்டதாக மருத்துவர் சொல்லும்வரை இரண்டும் வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று இந்துப்புக்கு மாறியிருக்கிறீர்கள். இந்துப்பும் உப்புத்தான், அதே சோடியம். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், அது இதைவிட மோசம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ் கொஞ்ச நாள் வீட்டுக்குள் வர வேண்டாம். பெரியவர்களும் சாப்பிடாமல் இருந்தால்தான் பையன் கேட்பான்.

‘நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்படும்’ என்பது கல் இருப்பவருக்குச் சொல்வது. சிறுநீர் குறைந்திருந்த நாள்களில் அது ஆபத்து. இப்போது சிறுநீர் நன்றாகப் போவதால் தாகத்துக்குக் குடிக்கட்டும், வற்புறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் கூடாது. அம்லோடிபினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயாப்ஸியும் டயாலிசிஸும்

இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேருக்குமேல் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். உங்கள் மகன் தேறும் வழியில்தான் இருக்கிறான். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் ரத்தம் ஓராண்டு வரையும், சில வேளை அதற்குமேலும் நீடிக்கலாம். அதைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் கலங்காதீர்கள். நான் கவனிக்கச் சொல்வது சி3யை. நோய் தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் அது இயல்புக்கு ஏற வேண்டும். இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். ஏறிவிட்டால் நோயின் பெயர் உறுதி, பயாப்ஸிக்கு அவசியமில்லை.

பன்னிரண்டு வாரம் ஆகியும் தாழ்ந்தே கிடந்தாலோ, கிரியேட்டினின் ஏறினாலோ, புரதம் அதிகமாகக் கசிந்துகொண்டே இருந்தாலோ கதை வேறு. காம்ப்ளிமென்ட் அமைப்பே கோளாறாகியிருக்கும் சி3 குளோமெருலோபதி, தன் அணுக்கருவுக்கே எதிராக ஆன்டிபாடி உருவாகும் லூபஸ் போன்றவையும் முதலில் இதே முகத்தோடுதான் வரும். லூபஸில் பெரும்பாலும் காம்ப்ளிமென்ட் கூட்டத்தின் இன்னொரு புரதமான சி4உம் சேர்ந்து குறையும், உங்கள் மகனுக்கு அது இயல்பு என்பது ஆறுதல். அப்படிப்பட்ட நிலையில் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த நோய்களுக்கு மருந்து வேறு, காலதாமதம் வடுவாகிவிடும். பயாப்ஸிக்குப் பின் ஓரிரு நாள் ரத்தம் கசியலாம் என்பதே முக்கிய ஆபத்து. அதை விளக்கி உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற்ற பிறகே செய்வார்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால், முதல் மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. சங்கடப்பட ஏதுமில்லை.

டயாலிசிஸ் பயத்துக்கு என் பதில்: அதற்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. மிகக் கடுமையாக வந்த குழந்தைகளுக்குச் சில நாள் தேவைப்படுவதுண்டு, அவர்களிலும் பெரும்பாலோர் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை இவை: கடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், நாள் முழுவதிலும் 300 மில்லிக்குக் குறைவான சிறுநீர். இவற்றில் முதல் நான்கும் ரத்த அழுத்தம் மூளையைப் பாதிப்பதன் அடையாளம். குழந்தைக்குக் கண் வீக்கமே இல்லாமலும் அது வரலாம்.

மற்றபடி வீட்டில் செய்ய எளிய வேலை ஒன்று உண்டு. காலை முதல் சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன் வைத்துப் பாருங்கள். அதே தராசில், அதே வேளையில் எடை பாருங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு போனால், உங்கள் மருத்துவருக்கு அது எந்த ஸ்கேனையும்விடப் பயன்படும். ரத்த அழுத்தம் அடங்கிவிட்டதால் பள்ளிக்கு அனுப்பலாம். ஓட்டப்பந்தயம் மட்டும் அடுத்த பரிசோதனை வரை வேண்டாம்.

இனி, கடிதத்தின் ஓரத்தில் எழுதிய அந்த வரி. மாமியாருக்கும் இரவில் கை அரிக்கிறது என்றால் சிரங்கு இன்னும் உங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. மகனுக்குத் தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அடுத்து அவள் தோலிலும் புண் வரலாம். மருத்துவரிடம் காட்டி பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு எழுதி வாங்குங்கள். அரிப்பு இருப்பவர், இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகத்தடியும் விடாமல் பூசிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. உடை, போர்வை, தலையணை உறைகளை அன்றே வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். களிம்பு என்றதும் மாமியார் மறுப்பார் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. சிரங்குதான் காரணம் என்று முதலில் சொன்னவரே அவர்தான் என்பதை நினைவுபடுத்திவிட்டு, முதல் பூச்சை அவருக்கே போடுங்கள்.